அப்பாவின் தங்கூசியும் என் வாய்க் கம்பியும்

என் தங்க அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம். உங்களுடன் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுத்தான் மற்றக் கதை.

எங்கள் அரிப்புக் கிராமத்தில் உங்கள் தங்கூசிக்குத் தப்பிய பிள்ளை உண்டா? வலை பொத்துகிற அதே நைலோன் நூலைப் பால்பல்லில் சுருக்குப் போட்டு, "அந்தா பார், கொக்கு!" என்று காட்டி ஒரே இழுவை. ஆடாத பல்லையும் விடமாட்டீர்கள். புதுப்பல்லுக்கு இடம் விடுகிறீர்களாம்!

இடம் விடவில்லை, அப்பா. நேரத்துக்கு முன் பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும், பிறகு வருகிற பல் எங்கே போகும்? என் வேட்டைப்பல் ஈறுக்கு மேலே ஏறி முளைத்தது அப்படித்தான். கலியாணப் படத்தில்கூட நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். "மகளுக்கு வெக்கம்" என்று எல்லாருக்கும் சொன்னீர்கள். உண்மையாகவே உங்களுக்குத் தெரியவில்லையா?

இப்போது உங்கள் பேத்தி ஜெனிக்கு எட்டு வயது. கடித்தால் கீழ்ப்பல் வரிசை மேல்பல்லுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பாண் ரொட்டியைக் கடித்து இழுக்க முடியாமல் பிய்த்துப் பிய்த்துத் தின்கிறாள். பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். தாடை வளர்கிற வயதிலேயே பார்த்தால் லேசு, விட்டால் ஒப்பரேஷன் வரைக்கும் போகலாம் என்றார் டொக்டர். வாயால் மூச்சு விடுகிறாளா, விரல் சூப்புகிறாளா என்றெல்லாம் கேட்டார். இதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மேல்பல்லை முன்னுக்குத் தள்ள, வாய்க்குள் மாட்டுகிற ஒரு தட்டுக் கொடுத்தார். ஜெனி வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். "அம்மா, உங்கட பல்லும் கோணல்தானே? நீங்களும் போடுங்கோ."

போட்டேன். நாற்பத்தொரு வயதில், வாய் நிறையக் கம்பி. அதைப் பார்த்து ஜெனியும் தட்டை மாட்டிக்கொண்டாள். மாதா கோயில் வாசலில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நானும் பல்லைக் காட்டித்தான் திருப்பிச் சிரித்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து உங்கள் தங்கச்சி, மாமி வந்தா. கையில் உங்கள் தங்கூசிச் சுருள்.

"அண்ணை இருந்தால் ஒரு இழுவையிலை இடம் எடுத்துக் குடுத்திருப்பார். வாடி ஜெனி."

பிள்ளை என் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் மாமிக்குக் குறுக்கே நின்றேன்.

"தொடாதேங்கோ மாமி. பால்பல்லு தானா விழட்டும்."

"பொம்பிளைப் பிள்ளை, சம்பந்தம் பேசேக்கை பாக்கலாம்தானே? உதுக்கு ஏன் இப்பவே தட்டு?"

"சம்பந்தத்துக்கு இல்லை. அவள் பாணைக் கடிச்சுத் தின்ன வேணும், அதுக்கு!"

"கொப்பர், என்ரை அண்ணை, அவரை விட உனக்குத் தெரியுமோ?"

"ஓம் மாமி. இந்த விசயத்திலை தெரியும்."

சொல்லிவிட்டு அழுதேன், அப்பா. உங்களை விட்டுக்கொடுத்தது போலிருந்தது. ஆனாலும் சுருளை வாங்கிக்கொண்டுதான் மாமியை அனுப்பினேன்.

அதில் ஒரு முழம் வெட்டி, கூடத்தில் உங்கள் படத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நல்ல நூல், அறாது. மிச்சம் வலைக்கு.

ஜெனியின் வாய்க்குள் தங்கூசி ஒருநாளும் போகாது. இது என் சத்தியம். உங்கள் அடுத்த நினைவுப் பூசையில் நானும் அவளும் படம் எடுப்போம், வாயைத் திறந்து.

கையால் வாயை மறைப்பதை விட்டுவிட்ட
உங்கள் மூத்த மகள்,
மெற்றில்டா