படகுச் சாவிக்கு அடியில்

கப்பல் முதலாளி அவர்களுக்கு,

எழுந்ததும் படகுச் சாவியைத்தான் தேடுவீர்கள் என்று தெரியும். அதனால் இதை அதற்கு அடியிலேயே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.

சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். நேற்று என் தலையணையில்கூட கிரீஸ் வாசனை. பாத்திரத் தொட்டியில் ஊறுகிற பழைய கார்புரேட்டர், நான் திரும்பி வரும்போது அங்கே இருக்கக்கூடாது.

படகை ஏற்றிப்போக வரும் டிரெய்லர்காரர் காலையில் வர மாட்டார். போன் செய்து சாயங்காலம் வரச் சொல்லிவிட்டேன். கத்தாமல் மேலே படியுங்கள்.

நேற்று நான் "ஓட்டைப் படகு" என்றதும், "நீ ஒண்ணும் வர வேணாம், நானே தனியா தண்ணியில இறக்கிக்கறேன்" என்று முறுக்கிக்கொண்டு படுத்துவிட்டீர்களே, எனக்கு மட்டும் தூக்கம் வந்ததா? அதை வாங்கி வந்ததிலிருந்து லீவு நாளெல்லாம் உங்களோடு உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்தவள் நான். அதை ஓட்டை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அது முதன்முதலாக மிதப்பதைப் பார்க்கவும் உண்டு.

பி.கு: படகின் பின்பக்கம், அடியில், தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கிறதே, அதன் திருகுமூடி என் கைப்பையில் இருக்கிறது. அது இல்லாமல் இறக்கினால் படகு மூழ்கிவிடும் என்று எனக்குப் பாடம் நடத்தியது நீங்கள்தான்.

ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன். துணியை வைத்து அடைத்துவிடலாம் என்று இப்போது யோசிக்கிறீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? சாயங்காலம் படகோடு என் ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள். மூடி தனியாக வராது, என்னோடுதான் வரும்.