தலையில்லாத தகர வண்டி

மருமகள் ஒரு ரோபோ வாங்கியிருக்கிறாள். தட்டு மாதிரி வட்டமாக இருக்கிறது; தரையில் ஓடி ஓடிப் பெருக்குகிறது. இன்று காலை மாடிப்படி விளிம்புவரை போய், நின்று, திரும்பியது. "அதுல சென்சார் இருக்கு மாமா" என்றாள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இதை உனக்குச் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

நெய்வேலிப் பட்டறையில் நடந்த அந்த ஆயுத பூஜை. நான் பர்மனென்ட் ஃபிட்டர். நீ முத்தாண்டிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் கான்ட்ராக்ட் ஹெல்பர். கருவிப் பிரிவுக்கு ஒரே ஒருவரைப் பர்மனென்டாக எடுக்கப்போகிறார்கள், பூஜைக்கு அவரவர் செய்துவைப்பதைப் பார்த்து இன்ஜினியர் முடிவு செய்வார் என்று பேச்சு. ரோபோ செய்கிறேன் என்று ஒரு மாதம் தகரத்தோடு மல்லுக்கட்டினாய். கடைசியில் வந்ததோ ஒரு மூன்று சக்கர வண்டி!

"மூஞ்சி எங்கடா?" என்றேன்.

"மூஞ்சி இன்னாத்துக்கு? தானா தெரிஞ்சிக்கணும், தானா முடிவு பண்ணணும், தானா செய்யணும். மூணும் இருந்தா ரோபோ. ஒரே எடத்துல நின்னுகினு வேலை செய்யிறது ஒரு வகை, உருண்டுகினு போறது ஒரு வகை. இது உருள்றது."

சென்சார், கன்ட்ரோலர், மோட்டார் என்று மருமகள் அடுக்குவதை நீ அன்றே உன் பேச்சில் சொல்லிவிட்டாய். வண்டியை மேசைமேல் ஓடவிட்டால், முன்னால் நீட்டிய கம்பி மேசையைத் தடவிக்கொண்டே போகும். விளிம்பு வந்தால் கம்பி கீழே இறங்கும், சுவிட்ச் மாறும், வண்டி திரும்பும். அவ்வளவுதான் உன் வித்தை.

பக்கத்துப் பிரிவில் ஒருவனுக்கு வெள்ளிக் காகிதம் சுற்றி, அவனையே இரும்பு மனிதனாக நிறுத்தியிருந்தார்கள். கூட்டமெல்லாம் அங்கேதான். உன் வண்டிக்கும் ஒரு மூஞ்சி இருந்தால் கூட்டம் வரும் என்று நினைத்தேன். நீ வேட்டி மாற்றப் போன நேரத்தில் ஒரு பவுடர் டப்பாவில் கண், மூக்கு, மீசை எல்லாம் வரைந்து வண்டியின் முன்னால் ஒட்டிவிட்டேன். உதவி செய்கிறேனாம்! நீயும் இன்ஜினியரும் ஒன்றாக வந்தீர்கள். நீ வாய் திறப்பதற்குள் நானே சுவிட்சைப் போட்டேன்.

வண்டி கம்பீரமாக ஓடி, விளிம்பில் நிற்காமல், மீசையோடு தரையில் விழுந்தது. என் டப்பா இடித்ததில் கம்பி கீழே இறங்கவில்லை. பட்டறையே சிரித்தது.

"தலையை யாருய்யா வெச்சது?" என்றார் இன்ஜினியர்.

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "நான்தாங்க சார். சும்மா அழகுக்கு. அது தேவையில்லீங்க."

தலையைப் பிய்த்து எறிந்தாய். கம்பியை நிமிர்த்தி, வண்டியை மறுபடி மேசைமேல் விட்டாய். ஓடியது. விளிம்பில் கம்பி இறங்கியது. திரும்பியது! நாலு பக்கமும் திரும்பியது. சிரித்தவர்களே கைதட்டினார்கள். இன்ஜினியர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவரச் சொல்லி விரித்தார். அதில் ஏதோ தொழிற்சாலையில் ஒற்றை இரும்புக் கை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. "இதுவும் ரோபோதான்யா. இதுக்கும் மூஞ்சி இல்ல. இவன்தான் நம்ம ஆளு" என்றார். உன்னைத் தூக்கிக்கொண்டு பட்டறையைச் சுற்றினோம். அதிகம் கத்தியது நான்தான். இரண்டு நாள் தொண்டை கட்டியிருந்தது.

கடைசிவரை நீ என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. அதனால் நானே எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன். இன்று மருமகளிடமும் சொன்னேன். மீசை வரைந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, உன் வண்டி திரும்பியதை எழுந்து நின்று சொன்னேன்.