எட்டாம் வகுப்பில் இரண்டாவது வருடம்

பெக்கன் வெல்ஸ், டெக்சஸ்
ஏப்ரல் 14

அன்புள்ள டாசனுக்கு,

எட்டாம் வகுப்பை நல்ல மார்க்கோடு முடித்த உன்னை வேண்டுமென்றே இன்னொரு வருடம் எட்டிலேயே உட்கார வைத்து உன் ஃபுட்பால் ஆட்டத்தைக் கெடுத்தவள் நான்தான். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நலம் விசாரிக்கலாம். இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவுக்கு மட்டும் முதுகுவலி, அதுவும் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போகிற நாளில்தான் வரும், மீன் பிடிக்கப் போகிற நாளில் வராது. உன் காலேஜ் இருக்கும் மினசோட்டாவில் இன்னும் பனி விழுகிறதாமே, தலையை மூடிக்கொண்டு வெளியே போ. மூன்று தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை, கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய், அதனால்தான் கடிதம்.

விஷயம் உன் தம்பி கோல்ட்டனைப் பற்றியது. பதின்மூன்று வயதில் பந்தை முப்பத்தைந்து கஜம் எறிகிறான், இந்த ஊருக்கு அது போதாதா. அவனையும் எட்டில் நிறுத்திவைக்க உன் அப்பா படிவம் வாங்கி வந்து கையெழுத்தும் போட்டுவிட்டார், என் கையெழுத்துக்கு மாதக் கடைசி வரை நேரம். "ஒரு வருஷந்தானே ராண்டா, ரெண்டு அங்குலம் வளருவான், இருபது பவுண்டு ஏறும், காலேஜ் கோச் பாக்க வர்றப்ப மத்தவன்லாம் பொடியன், இவன் ஆம்பளையா நிப்பான்" என்கிறார். நான் எந்த முகத்தோடு சண்டை போட, அது ஏழு வருடத்துக்கு முன்னால் நான் அவரிடம் சொன்ன வசனம், ஒரு சொல் மாறவில்லை. அவரிடம் மட்டுமா, என் கடைக்கு முடிவெட்ட வந்தவர்கள் கழுத்தில் துணியைக் கட்டி, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தேன். என் பேச்சைக் கேட்டு மூன்று பேர் தங்கள் பையன்களை நிறுத்தினார்கள், அதில் ஒருத்தி இப்போது முடிவெட்ட நாற்பது மைல் தள்ளிப் போகிறாள்.

கணக்கு டீச்சர் இபாரா அன்றைக்கு என்னிடம், "அல்ஜீப்ராவுல இவன்தாம்மா முதல் ஆளு, இவன எதுக்கு நிறுத்துறீங்க?" என்று கேட்டார். முதிர்ச்சி பத்தவில்லை என்றேன். நீ கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய், உன் ஷூவையே பார்த்தாய். எனக்கு அது தெரியும். கோச் ஓக்ஸும் சொன்னார், "இங்க பாரும்மா, பந்த எறியிற குவார்ட்டர்பேக்குக்குக் கையும் காலும் தானா வளரும், கண்ணுதான் லேசுல வராது. பெரிய பசங்க மேல வந்து விழறதுக்குள்ள, ரெண்டரை செகண்டுல, யாருக்கு எறியணும்னு பாக்கிற கண்ணு. சின்னப் பசங்க கூட விட்டா அவனுக்கு அவசரம் ஏது, எப்பிடிக் கத்துக்குவான்?" நான் என்ன கேட்டேன் தெரியுமா, "போன வருஷம் உங்க டீம் எத்தனை மேட்ச் ஜெயிச்சது கோச்?" இந்த ஊரில் அந்தக் கேள்வி ஒருவர் வேலையைப் பறிக்கும். ஒரு கல்லூரிப் பேராசிரியரைக் கூட மடக்குவேன் என்ற திமிரோடு வீட்டுக்கு வந்தேன்.

கோச் சொன்னதுதான் நடந்தது. உன்னை விடச் சின்னப் பையன்களால் உன்னை விழத்தட்ட முடியவில்லை, நீ நிதானமாக நின்று நாலு பக்கமும் பார்த்து எறிந்தாய், நான் மினுமினுப்பு ஒட்டிய உன் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு அது என் மகன் என்று கத்தினேன், ஊரில் யாருக்கோ தெரியாதது போல. உன்னோடு படித்த எலியாஸ் நேரே ஒன்பதாவது போய், ஒல்லிக்குச்சி, வெள்ளிக்கிழமை மேட்ச்தோறும் அடிவாங்கி மண்ணில் புரண்டான், குளிர்காலத்தில் கூடைப்பந்து, வசந்தத்தில் பேஸ்பால், எதையும் விடவில்லை. இன்றைக்கு அவன் தன் காலேஜ் டீமில் பந்து எறிகிற முதல் ஆள். எப்படி வளர்த்தாய் என்று அவன் அம்மா கிராசியேலாவைக் கேட்டேன். "நான் எங்கடி வளத்தேன், வீட்ல இன்னும் மூணு கெடக்கு, எவனாவது ஒருத்தன் சீக்கிரம் பள்ளிக்கூடத்த முடிச்சாப் போதும்னு இருந்தேன்" என்று சிரிக்கிறாள். நீ உன் காலேஜ் டீமில் மூன்றாவது ஆள், காதில் ஹெட்செட்டோடு ஓரத்தில் நிற்கிறாய். டிவியில் உன்னை நாலு செகண்ட் காட்டினார்கள், நான் அதை நிறுத்திவைத்து, ஆடுகிறவர்களுக்கு ஓரத்தில் நின்று சைகை காட்டுவது பெரிய பொறுப்பு என்று கடைக்கு வந்தவர்களிடம் அளந்தேன்.

இந்த வருடம் எட்டில் ஏழு பையன்களுக்கு முதிர்ச்சி போதவில்லையாம். ஒரு பெண்ணுக்குக்கூட முதிர்ச்சி குறையவில்லை பார். மைதானத்தில் ஸ்கோர் காட்ட வீட்டளவு புதுத் திரை வைத்திருக்கிறார்கள், கெமிஸ்ட்ரிக்கு ஆகஸ்டிலிருந்து வாத்தியார் இல்லை. கிணற்று வேலைக்கும் பந்துக்கும் நடுவில் பிள்ளைகளுக்கு வேறு வழியே வைக்காத ஊர், அந்த ஊருக்குச் சட்டை போட்டுக் கைதட்டியவள் நான்.

உன் அப்பா, "அந்த வருஷம் டாசனுக்கு நல்லதுதான் பண்ணுச்சு, அவனே சொல்லியிருக்கான்" என்கிறார். கோல்ட்டன், "அண்ணனக் கேளுங்க, அவன் சொல்றபடி கேக்கறேன்" என்கிறான். ஆக, எல்லாம் உன் கையில் வந்து நிற்கிறது. நீ நல்லது என்று எழுதினால் என் குற்ற உணர்ச்சி தீர்ந்தது என்று அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன், அவ்வளவு நேர்மையானவள் உன் அம்மா, அதனால் என்னைக் காப்பாற்ற எழுதாதே.

வேளைக்குச் சாப்பிடு, கார் இன்சூரன்ஸ் இந்த மாதம் முடிகிறது, மறந்துவிடாதே. எங்கே நின்றாலும் கர்த்தர் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

உன் அம்மா,
ராண்டா

பி.கு. போனில் எதைக் கேட்டாலும் "பரவால்லம்மா" என்கிறாய். இந்தத் தடவை அந்தச் சொல் வேண்டாம். பழைய நண்பர்கள் எல்லோரும் மேலே போன பிறகு அந்த வகுப்பில் நீ மறுபடி போய் உட்கார்ந்தாயே, அந்த ஒரு வருடம் உனக்கு எப்படி இருந்தது? இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன், எழுது.