காவித் துண்டில் பச்சை நூல்

என் செல்லத் தம்பி கதிருக்கு,

நாளைக்கு உனக்கு வருஷ திதி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் உன் மாமா, என் வீட்டுக்காரர்தான் எள்ளும் தண்ணியும் விடப் போகிறார். அப்பா அம்மா போன பிறகு என் வீட்டிலேயே இருந்தவன், கல்யாணமும் ஆகாதவன், உனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? வாழைக்காய் வாங்கி வைத்துவிட்டேன். உனக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுவலும் உண்டு.

பேப்பரில் போடுகிற கண்ணீர் அஞ்சலிக்கு நாலு வரிதான் இடம் தருவார்கள். நாலு வரியில் உன்னைப் பற்றிப் பொய்தான் சொல்ல முடியும். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இந்தக் கடிதம். கோபப்படாதே.

போன வாரம் உன் இயக்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். நீ சிறையில் இருந்த வருஷங்களில் ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது தேர்தல் வருகிறது, உன் ஞாபகமும் வந்துவிட்டது.

"அக்கா, நம்ம கதிர் ஜிக்குப் பெரிய பேனர் வைக்கிறோம். நல்ல போட்டோ ஒண்ணு குடுங்க. மேடையில நீங்களும் வந்து உட்காரணும்" என்றார் தலைவர்.

"எங்க வைக்கிறீங்க?"

"மலைக்கோட்டைக் கடைவீதியிலதான். அந்தக் கடைக்கு நேர் எதிர்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தக் கடை ஜமால் பாயின் ஜவுளிக்கடை. நீ கொளுத்திய கடை.

நீ இயக்கத்தில் சேர்ந்தபோது நான் சந்தோஷப்பட்டேன் கதிரு. அதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. குடியை விட்டாய், விடியற்காலையில் காவேரியில் குளித்தாய். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் 'டேய்' என்று கூப்பிடப்பட்டவனை அங்கே 'ஜி' என்று கூப்பிட்டார்கள். என் தம்பி திருந்திவிட்டான் என்று தெருவெல்லாம் சொன்னேன். நீ முஸ்லிம் மக்களைப் பற்றிச் சாப்பிடும்போது கேவலமாகப் பேசியதெல்லாம் என் காதில் விழாமலா இருந்தது? விழுந்தது. குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன், சில சமயம் சிரித்தும் இருக்கிறேன்.

இயக்கத்து முகாமில் எல்லோரிடமும் ஒரே மாதிரி காவித் துண்டு. துவைத்துப் போட்டால் யாருடையது எது என்று தெரியவில்லை, அடையாளம் வைத்துக் கொடு என்று நீதான் கேட்டாய். என் ரவிக்கைக்கு வாங்கிய பச்சை நூல் மிச்சம் இருந்தது. ஓரத்தில் ஒரு சின்ன மாங்காய் தைத்தேன்.

"பச்சையாக்கா? வேற கலரே கெடைக்கலையா ஒனக்கு?" என்று கிண்டல் செய்தாய். ஆனாலும் அதைத்தான் தோளில் போட்டுக்கொண்டு போனாய்.

உங்கள் இயக்கம் அறிவித்த கடையடைப்பு அன்று ஜமால் பாய் பாதி ஷட்டரைத் திறந்து வைத்திருந்தார். சாயங்காலம் நீ பாட்டிலைக் கொளுத்தி உள்ளே எறிந்தாய். உள்ளே துணி மடிக்கிற சாதிக் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கையும் வெந்துபோயின. முகத்தில் நீ கட்டியிருந்த துண்டு, ஓடும்போது வாசலில் விழுந்து பாதி கருகிக் கிடந்தது. மாங்காய் இருந்த மூலை கருகவில்லை.

கோர்ட்டுக்குப் போகும் முன்னால் உன் வக்கீல், "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றார். கூண்டில் ஏறி நின்றேன். துண்டைக் காட்டினார்கள். அந்தப் பக்கம் சாதிக் அண்ணன் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நீ.

"என் தையல்தாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லீரல் கெட்டு, காவலோடு உன்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தபோதுதான் பேசினாய். ஏன் சொன்னாய் என்று கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். நீ கேட்டது வேறு.

"ஏங்க்கா தச்ச?"

நீதானே தைக்கச் சொன்னாய் என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். உன்னை ஒரு கூட்டத்தில் தொலையவிடக் கூடாது என்று நினைத்தேன் போல. நடந்தது என்ன?

போட்டோ தர மாட்டேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். "ஜெயிலுக்கு அனுப்புனதும் நீங்க, இப்பப் பேரையும் கெடுக்குறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போட்டோ தராவிட்டாலும் பேனர் வைக்கத்தான் போகிறார்கள். அதனால் மறுநாள் ஜமால் பாய் கடைக்கே போய் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கையில் இருந்த வேட்டியைக் கீழே வைக்கவில்லை. "கைக்குட்டை வாங்கக்கூட இங்கதான் வருவீங்க. தீ விழுறதுக்கு முன்னாடியே நீங்க வர்றத நிறுத்திட்டீங்கம்மா" என்றார்.

உண்மைதான். அங்கே வாங்காதே என்று நீ சொன்னாய். வீட்டில் எதற்குச் சண்டை என்று நானும் வேறு கடைக்குப் போனேன். அவ்வளவு சுலபமாகப் போனேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உள்ள இருந்தப்ப சாதிக்கைப் பத்தி ஒரு வார்த்தையாவது கேட்டாரா உங்க தம்பி?"

சாதிக் அண்ணன் கொஞ்ச தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மடிக்க வராத விரல்களால் ஒரு புடவையை நீவிக்கொண்டிருந்தார். கேட்டான், அழுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். செத்துப்போனவனுக்காக அக்கா ஒரு பொய் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

"இல்ல பாய், கேக்கல" என்றேன்.

"பொய் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். மன்னித்தேன் என்று அவரும் சொல்லவில்லை, சாதிக் அண்ணனும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது தடவையும் உனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். காவேரிப் பாலம் தாண்டும்வரை அழுதேன். அந்தக் கடைசி நாட்களில் ஒரே ஒரு தடவை நீ கேட்டிருக்கக் கூடாதா கதிரு? அதை நான் அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனே. அவருக்கு எப்படி இருக்கிறது என்று நானாவது உன்னிடம் பேச்சை எடுத்திருக்கலாம். உன் மனம் நோகும் என்று அப்போதும் வாயை மூடிக்கொண்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் போட்டோ எந்த மேடைக்கும் போகாது. வீட்டுச் சுவரில் அப்பா அம்மா பக்கத்தில் இருக்கும், நான் இருக்கும்வரை அதற்கு விளக்கு எரியும். ஆனால் யார் வந்து கேட்டாலும், நீ என்ன செய்தாய் என்பதை மறைக்க மாட்டேன், நீ யார் என்பதையும் மறைக்க மாட்டேன். அவன் என் தம்பி, அந்தத் தையல் என்னுடையது என்றுதான் சொல்வேன்.

உனக்குத் தைத்துக் கொடுத்தவள்,
உன் மேல் சாட்சி சொன்னவள்,
உன் அக்கா.