டெல்லிக்காரர் சொன்னதாக நீ சொன்னது

இன்று லாங் பஜாரில் கடைக்காரர் புதுச் செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பசை வாசனை குப்பென்று வந்தது. நான் அப்போது வேலை செய்த ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் ஹால் கண்முன் வந்தது. பக்கத்து மெஷினில் நீ.

வாணியம்பாடியில் உருது படித்துவிட்டு ஷூ தைக்க வந்தவள் நீ. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் டெல்லியில் வாழ்ந்த ஒரு நையாண்டிக் கவிஞர்மேல் உனக்கு அப்படியொரு பிரியம். ‘டெல்லிக்காரர்’ என்றுதான் சொல்வாய். வெட்டிப் பெருமை பேசிய பிரபுக்களையும், நோயாளியைவிட அதிகம் பயந்த வைத்தியர்களையும் அவர் கேலி செய்ததை டீ நேரத்தில் தமிழில் சொல்வாய். “தன்னப் பாத்து சிரிக்கத் தெரியாதவன் கண்ணாடி வாங்குறது வேஸ்ட்டுன்றாரு” என்று ஒருநாள் நீ சொன்னபோது டீ என் மூக்கில் ஏறிவிட்டது.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த சமயம். காலையிலேயே இரண்டு முறை பாத்ரூம் போய் வந்திருந்தேன். மறுபடியும் எழுந்ததும் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

“இன்னாம்மா, வேல செய்ய வந்தியா, நடக்க வந்தியா?”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ மெஷினை நிறுத்தினாய்.

“டெல்லிக்காரரு ஒண்ணு சொல்லிக்கிறாரு சார். சிம்மாசனத்துல உக்காந்தவனும் எந்திரிச்சுப் போய்த்தான் ஆவணும்.”

ஹாலே சிரித்தது.

“யாரு அந்த ஆளு?”

“அவரு செத்து ரொம்ப காலமாச்சு சார். மெமோ குடுக்கணும்னா எனக்குக் குடுங்க.”

கொடுத்தார். மூன்று நாள் உன்னை உள்ளே விடவில்லை. எனக்காகப் பேசியவள் வெளியே போகும்போது, நான் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ படுத்திருந்தபோதுதான் நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

“பேஜாரு பண்ணாதடி” என்றாய். “அந்த சிம்மாசனம் அவரு சொன்னதில்ல. நானே இட்டுக்கட்டுனது.”

“அப்போ மத்ததெல்லாம்?”

“பாதி அவருது. எந்தப் பாதின்னு சொல்ல மாட்டேன்.”

இருவரும் சிரித்ததில் நர்ஸ் வந்து அதட்டினார். அடுத்த வாரம் நீ இல்லை.

அன்று என் வயிற்றில் இருந்தவள் இப்போது காலேஜ் போகிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ பேசியதைச் சொன்னேன். நான் பேசாமல் இருந்ததையும் சொன்னேன்.

“இப்போ பேசுறியாம்மா?” என்றாள்.

பேசுகிறேன். குரல் இன்னும் நடுங்குகிறது. ஆனாலும் பேசிவிடுகிறேன்.