நடக்கவில்லை என்ற வாதம்

பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை. உன் கறுப்புக் கோட்டு. நீ போனபின் உன் தங்கை, "நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்று கொடுத்தது. ஏன் என்னிடம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நீ போடியில் வக்கீல். நான் மலையில் ஏலக்காய்த் தோட்டத்து மேற்பார்வையாளன். சனிக்கிழமைகளில் ஜீப்பில் இறங்கி உன் மாடி அறைக்கு வந்துவிடுவேன். கூட்டாளிகள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அதற்கும் மேலே என்பது நமக்கு மட்டும் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில், எங்கள் தோட்டத்துக் கூலியாள் ஒருவனையும் சிலமலை ஊர்க்கார ஜீப்பு டிரைவர் ஒருவனையும் காய் உலர்த்தும் கொட்டகையில் வைத்துப் பிடித்தார்கள். ஆணும் ஆணும் சேர்வது குற்றம் என்ற சட்டத்தில் வழக்கு. வேறு யாரும் தொடாத அதை நீ எடுத்தாய். எப்படி வாதாடுவது என்று வாரக்கணக்கில் பேசினோம்.

"ஒண்ணா இருந்தாங்கன்னுதான் பிடிச்சிருக்காங்க. நடந்ததை நேர்ல பாத்த சாட்சி இல்ல. நடக்கவே இல்லைன்னு சொல்லிருவோம்" என்றாய்.

"நடந்துச்சு, அதுல தப்பில்லைன்னு சொல்ல முடியாதா மாப்ளே?"

"கதவச் சாத்திட்டா உள்ள நடக்கறதுல சர்க்காருக்கு என்ன சோலின்னு வேணா கேக்கலாம்."

"அவங்களுக்குச் சாத்துறதுக்குக் கதவு எங்க இருந்துச்சு?"

நீ கேஸ் கட்டை மூடி வைத்தாய். பிறகு சொன்னாய்: "நான் அப்பிடிப் பேசுனா சட்டம் சாகாது. அவங்க ரெண்டு பேரும்தான் உள்ள போவாங்க."

சாட்சி இல்லை என்றே வாதாடினாய். விடுதலையானார்கள். அன்று மாலை டிரைவர் மட்டும் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"காப்பாத்திட்டீங்கய்யா. ஆனா ஒண்ணுமே இல்லைன்னு நீங்க சொன்னப்ப நானும் தலையாட்டிட்டேன். அவன் அதுக்கப்புறம் எம் மூஞ்சியப் பாக்கல. கோர்ட்டு வாசல்லயே பஸ்சு ஏறிப் போயிட்டான்."

அவன் படியிறங்கிப் போனபின் நீ விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாய்.

அதற்குப் பிறகு அந்த இன்னொரு வாதத்தை என் முன்னால் வாதாடத் தொடங்கினாய். நான் கட்டிலில் நீதிபதி. நீ லுங்கியோடு நின்று பேசுவாய். "இவர்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஒருவர்மீது ஒருவர் பிரியம் வைத்தார்கள். அதைத் தண்டிக்கச் சட்டம் எதற்கு?" வருஷக்கணக்கில் அதைத் திருத்தித் திருத்திச் சொன்னாய். எந்தக் கோர்ட்டும் கேட்கவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் உன் மூச்சு நின்றது. சுடுகாட்டில் உன் வழக்குக் கட்சிக்காரர்களோடு ஓரமாக நின்றேன்.

எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. டீக்கடை டிவியில் பார்த்தேன். யாரோ சிரித்தார், யாரோ சேனலை மாற்றினார். இதை எங்கள் ஊரில் ஒருவர் எப்போதோ வாதாடிவிட்டார் என்று சொல்ல எனக்குப் பக்கத்தில் ஆளில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸ், "வீட்ல யாரு இருக்கா தாத்தா?" என்று கேட்டாள்.

"இப்ப யாருமில்லம்மா. ஒருத்தரு இருந்தாரு. போடியில வக்கீலு."

"கூடப் பொறந்தவரா?"

"இல்லம்மா. கூட வாழ்ந்தவரு."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு, கையைத் தளர்த்தி வைக்கச் சொன்னாள்.