முதல் தண்ணீர்

குஜிலியம்பாறை
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் மோகன்குமாருக்கு, அப்பா நாச்சிமுத்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பால் சுகம். நீயும் உடம்பால் சுகமாக இருக்கிறாய் என்று அப்பாஸ் சொன்னான், அதற்கு மேல் கேட்டால் அவன் வாயைத் திறக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்காக சித்தையன்கோட்டைக்கு வந்த பிள்ளை, திரும்பவும் ஓமானுக்குக் கிளம்பும் முன் உன் அம்மாவை ஒரு எட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி வந்தான். அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, வேலைக்குப் போறேன் என்று இரண்டு வார்த்தை மெசேஜ் வருகிறது, அதைப் படித்துவிட்டு நாங்கள் சோறு தின்ன வேண்டும். ஏலே, காலமெல்லாம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். டிக்கெட்டுக்குப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எனக்குத் தெரியாதா? அதனால் இதை முழுதாகப் படி. மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதே.

உன் அம்மா நேற்றுப் பகல் முழுக்க அடுப்பை விட்டு நகரவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு என்று கட்டிக்கொண்டே இருந்தாள். இம்புட்டையும் அந்தப் பையன் எப்படித் தூக்குவான் என்றால், ஏரோப்ளேன்தான தூக்குது, அவனா தூக்குறான் என்று என்மேல் பாய்கிறாள். ஊறுகாயைத் தயிரோடு சேர்த்துக்கொள், உனக்குச் சூட்டு உடம்பு. சித்திரையில் நம் போரில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வந்தது, வெங்காயத்தைக் காயவிட்டு முருங்கையை மட்டும் காப்பாற்றினேன். கறுத்த ஆடு இரட்டைக் குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. இதெல்லாம் போனில் பேச வேண்டிய பேச்சு, நீ எடுக்காததால் பழைய சேதியாகிப் போனது. உன் அம்மா உன்மேல் கோபமில்லை என்கிறாள். எனக்கு இருக்கிறது.

மணிமாறனைக் கொண்டுவந்த அன்றைக்கு நீ கூட வந்திருக்க வேண்டும். லீவு கொடுக்கவில்லை என்று எங்களிடம் சொன்னாய், கொடுத்தும் நீ கிளம்பவில்லை என்று அவனோடு கூட வந்த உங்கள் கூட்டாளி பிராங்க்ளின் சொன்னான். உன்னோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்த பங்காளி வீட்டுப் பிள்ளை, அவன் அப்பா போனபிறகு என்னைத்தான் எதற்கும் தேடுவான், ஆகையால் நான்தான் போய் வாங்க வேண்டியிருந்தது. திருச்சி ஏர்போர்ட்டில் சரக்கு இறக்குகிற பக்கம் நிற்கவைத்தார்கள். அட்டைப்பெட்டிகளும் மூட்டைகளும் வந்த அதே வண்டியில் அவனும் வந்தான். மேலே ஒட்டியிருந்த பெயரை நான் எழுத்துக் கூட்டிப் படித்து, இவன்தான் என்று சொன்னேன். திறக்க வேண்டாம் என்று சொல்லியே அனுப்பியிருந்தார்கள், அவன் அம்மா சிவனம்மாள் மதினி தலையைத் தலையை முட்டிக்கொண்டு கேட்டும் திறக்கவில்லை. அந்தச் சின்னது தமிழ்மதி இருக்கிறாளே, பெட்டியை வாசலில் இறக்கியதும் ஓடிவந்து, அப்பா அனுப்புச்ச பெட்டியா, எனக்கு என்ன வந்திருக்கு என்று கேட்டாள். ரம்சானுக்கு ஒருதரம் தீபாவளிக்கு ஒருதரம் அவன் கார்கோவில் பெட்டி போடுவானே, அந்த நினைப்பு. கூடியிருந்த சனம் அத்தனையும் வாயைப் பொத்திக்கொண்டது. அவள் அம்மா சுகன்யா மட்டும், ஆமாடி, அப்பாதான் அனுப்பியிருக்காக என்றாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்ததோ, நான் டிரான்ஸ்பார்மர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில், ஆம்புலன்ஸில் பெட்டிக்கு அந்தப் பக்கம் பிராங்க்ளினும் இந்தப் பக்கம் நானுமாக உட்கார்ந்து வந்தோம். மணப்பாறை தாண்டியதும் நான்தான் கேட்டேன், அவன் எல்லாவற்றையும் சொன்னான். வெள்ளிக்கிழமை லீவு என்று அவன் காரில் மூன்று பேரும் விடியும் முன் கிளம்பியது, தார் ரோடு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு வாதி என்று அவர்கள் சொல்கிற அந்தக் காய்ந்த ஆற்றுக்குள் நடந்தது, போகப் போக இரண்டு பக்கமும் சுட்ட செங்கல் நிறத்தில் பாறை எழும்பி வானம் ஒரு முழத் துணி அகலத்துக்குச் சுருங்கிப் போனது, அந்த முடுக்கு வழியாக உள்ளே போனால் பச்சைத் தண்ணீர் கட்டிக் கிடக்க, ஓரத்தில் பேரீச்ச மரம் நிற்க, குடும்பம் குடும்பமாய் விரிப்பைப் போட்டுக்கொண்டு டீ குடித்தது, எல்லாம். நீ அன்று காலையில் அனுப்பிய படங்கள் என் போனில் இன்னும் இருக்கின்றன. தண்ணி கெடக்கா என்றுதான் நான் கேட்டேன், கிடக்கு என்று படம் பிடித்துப் போட்டாய். இந்த மாதிரி ஒரு மடு நம்ம ஊருல இருந்தா மூணு போகம் எடுப்பேன்லே என்று மணிமாறன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தானாம். குளித்து, கட்டிக்கொண்டு போன எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்று, திரும்பி வரும்போது மேலே ஒரு துண்டு மேகம் கிடையாதாம். எங்கோ மலைக்கு அந்தண்டை பெய்திருக்கிறது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கத்தியிருக்கிறார், சனமெல்லாம் பாறைமேல் ஏறியிருக்கிறது. நீயும் ஏறிவிட்டாய், மணிமாறனும் ஏறிவிட்டான். மோகன், எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. அவன் ஏறிவிட்டான். பிராங்க்ளின் பக்கத்துப் பாறையில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். வளைவில் முதல் தண்ணீர் தலை காட்டியதும் மணிமாறன், ஏலே தண்ணி வருதுலே என்று கூவிக்கொண்டு கீழே இறங்கினானாம். நீ, போய் எனக்கும் சேத்துத் தொட்டுட்டு வா என்று சொன்னாயாம். பிராங்க்ளின் காதில் விழுந்தது அதுதான். அவன் திரும்பிப் பார்த்தபோது ஆற்றில் ஆள் இல்லை, வெறும் தண்ணீர்தான் பனை உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்ததாம்.

அன்றைக்குப் போனில் நான்தாம்ப்பா அவனை அனுப்புனேன் என்று அழுதுவிட்டு வைத்தாயே, அது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எடுவட்டப் பயலே, நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நம் ஊரில் பிறந்த எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். மூன்று வருஷம் நான்கு வருஷம் மணலாய்க் கிடக்கிற ஓடையில் தண்ணீர் வருகிறது என்றால் நாம் என்ன செய்கிறோம்? மேட்டிலா ஏறுகிறோம், உள்ளே இறங்கி எதிர்கொண்டு போகிறோம். பொம்பளைகள் மஞ்சளும் பூவும் போட்டுக் குலவை இடுகிறார்கள், ஆம்பளைகள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். நம் ஊர்த் தண்ணீர் சருகையும் ஆட்டுப் புழுக்கையையும் தள்ளிக்கொண்டு, மணலைக் குடித்துக் குடித்து, நடந்துதான் வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடினால் அதற்குத்தான் மூச்சு வாங்கும். தண்ணீர் என்றால் சாமி என்று உங்களுக்குச் சொல்லி வளர்த்தோம். பாறைக்குள் அடைபட்டு வருகிற தண்ணீர் நிற்காது, நடக்காது, ஆளை அறியாது என்று எவன் சொல்லிக் கொடுத்தான், எங்களுக்கே தெரியாதே. உன்மேல் தப்பு இல்லை. இதை நான் உன் அப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் நீ பேசாமல் இருப்பதால் இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். கருமாதி அன்றைக்குப் பந்தியில் எவனோ ஆரம்பித்தான், வெளிநாட்டுல லீவு நாளுன்னா குடிக்காமயா இருப்பானுக, போதையில எறங்கியிருப்பான் என்று. டீக்கடைக்குப் போய் ஊர் முழுக்கச் சுற்றி, இப்போது அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. கூட இருந்தவன் மூச்சு விடல பாத்தியா, அதுலயே தெரியுதே என்கிறார்கள், கூட இருந்தவன் என்றால் நீ. மணிமாறன் குடியை விட்டது உனக்குத் தெரியும், தமிழ்மதி பிறந்த அன்றைக்கு அவள் தலையில் கையை வைத்து இனித் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். அதனால் பேச்சு அவனோடு நிற்கவில்லை. பிள்ளை தலையில அடிச்ச சத்தியத்த மீறுனா பிள்ளையத்தான புடிக்கும் என்று, ஆறுதல் சொல்ல வந்தவர்களே சுகன்யா காதுபடச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் பிள்ளைக்கு லேசாய்க் காய்ச்சல் கண்டது. அவ்வளவுதான், அந்தப் பெண் பதறிப்போய்க் கோயில் கோயிலாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள், பிள்ளை கையில் கயிறு கட்ட இனி இடமில்லை. சிவனம்மாள் மதினி அழுவதை நிறுத்திவிட்டுச் செத்த மகனை வைய ஆரம்பித்துவிட்டாள், என் பேத்திக்கு வினை வச்சிட்டுப் போயிட்டானே என்று. பெற்றவள் அப்படிப் பேசுவதை என்னால் கேட்க முடியவில்லை. பிராங்க்ளினைச் சொல்லச் சொன்னேன், நான் பாதிதான்ப்பா பாத்தேன், மோகன் சொல்றதுதான் முறை என்றுவிட்டான். அதுவும் சரிதான் என்று நானும் உன் போனுக்குக் காத்திருந்தேன். சாயந்தரம் ஆனால் சுகன்யா நம் வீட்டுக்கு வந்து, மோகன் தம்பி பேசுச்சா மாமா என்று கேட்டுவிட்டுப் போவாள், இல்லை என்று தினமும் சொல்லிச் சொல்லி என் நாக்கு மரத்துவிட்டது.

வியாழக்கிழமை மலைப் பக்கம் நல்ல மழை. மத்தியானத்துக்கு மேல் ஓடையில் தண்ணீர் வருகிறது என்று சத்தம் கேட்டது. ஊரே போனது, நானும் போனேன், ஆனால் ஒருத்தியும் குலவை போடவில்லை, ஒருத்தனும் இறங்கவில்லை, எல்லாரும் கரையிலேயே நின்றார்கள். கரண்டைக்கால் உயரம்கூட இல்லாத தண்ணீர், மோகன். தமிழ்மதி மட்டும் யார் கையிலிருந்தோ வழுக்கிக்கொண்டு ஓடிப்போய்க் குனிந்துவிட்டாள். சுகன்யா பாய்ந்து போய்ப் பிள்ளையை இழுத்துப்போட்டு அடித்தாள், இதுவரை ஒரு தட்டுத் தட்டாதவள் முதுகில் மாறி மாறி அடித்தாள், பிள்ளை ஏன் என்று தெரியாமல் மூச்சுக் கட்டிப்போய் அழுதது. எனக்குத் தாங்கவில்லை. பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அங்கேயே, எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். அவன் குடிக்கவில்லை ஆத்தா, பாறைமேல் ஏறிப் பிழைத்தவன், தண்ணீரைத் தொட்டுக் கும்பிட இறங்கினான் என்று. நீ சொன்ன வார்த்தையையும் சேர்த்தே சொன்னேன், மறைக்கவில்லை. வைவார்கள் என்று நினைத்தேன். சிவனம்மாள் மதினி மணலில் உட்கார்ந்து, எம்புள்ள குடிக்கலயாம், எம்புள்ள குடிக்கலயாம் என்று கரையில் நின்ற ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

சுகன்யா அழவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். தொட்டாகளா மாமா என்று. எனக்கு விளங்கவில்லை. எறங்கிப் போனாகளே, தொட்டுக் கும்புட்டாகளா, அதுக்கு முந்தியே கொண்டு போயிருச்சா என்று கேட்டாள். பிராங்க்ளின் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. உன் இரண்டு கண்ணும்தான் பார்த்தது.

ஆகவே நீ பேச வேண்டும். எனக்கு வேண்டாம், உன் அம்மாவுக்கும் வேண்டாம், முதலில் உன் மதினி சுகன்யாவிடம் பேசு. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள், தனியாக அறையில் கிடக்காதே, அப்பாஸ் கூப்பிட்டால் அவனோடு போய் இரு. ஊருக்கு வர வேண்டும்போல் இருந்தால் வந்துவிடு, இங்கே உன்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் இருக்கிறேன். குலசாமி உன்னைக் கைவிடாது, நீ நூறு வயசு இருந்து எங்களுக்குக் கொள்ளி வைக்க வேண்டும், இதுதான் என் ஆசீர்வாதம், உன் அம்மாவுடையதும் இதுதான். மறந்துவிடாதே, சுகன்யா பகலில் தையல் வேலைக்குப் போகிறாள், பிள்ளை தூங்கிய பிறகு கூப்பிடு. தொட்டான் என்றால் தொட்டான் என்று சொல். தொடவில்லை என்றால் தொடவில்லை என்று சொல். அவள் மனசுக்காகப் பொய் சொல்லாதே, இப்படி எழுதச் சொன்னவளும் அவள்தான்.

இப்படிக்கு
உன் அப்பா
நாச்சிமுத்து